ராகம் என்றால் என்ன? கர்நாடக சங்கீதம் கேட்கத் தொடங்குபவர்களுக்கு

சினிமாப் பாட்டு ஒன்று ஒலித்தால் போதும், "இது மோகனம்தானே?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "இல்லையே, கல்யாணி மாதிரி இருக்கு" என்பார் இன்னொருவர். பக்கத்தில் நிற்கும் மூன்றாமவர், நமக்கு இதெல்லாம் தெரியாது, இது நமக்கான இசையில்லை என்று மனதுக்குள் முடிவுகட்டிவிடுவார். கர்நாடக சங்கீதத்துக்குள் வர நினைத்த எத்தனையோ பேர் இந்த இடத்திலேயே திரும்பிப் போய்விடுகிறார்கள். எனக்கு அது உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

ராகத்தைப் பற்றி நம்மிடையே புழங்கும் பேச்சில் பாதிக்கு மேல் தவறு. ராகம் என்றால் மெட்டு என்கிறார்கள். ஏழு ஸ்வரங்களில் சிலவற்றைப் பொறுக்கி எடுத்த வரிசைதான் ராகம் என்கிறார்கள். மொத்தம் 72 ராகங்கள், முகாரி என்றால் அழுகை என்றும் சொல்கிறார்கள். இவற்றை ஒவ்வொன்றாக நேர்செய்துகொண்டால், கச்சேரி மேடையில் நடப்பதில் பெரும்பகுதி தானாகப் புரிய ஆரம்பிக்கும். ராகத்தின் பெயர் தெரிவது கடைசியில்தான் தேவைப்படும்.

மெட்டு வேறு, ராகம் வேறு

1977-இல் வந்த 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்' பாட்டைக் கேளுங்கள். அடுத்து 2008-இல் வந்த 'கண்கள் இரண்டால்' பாட்டைக் கேளுங்கள். இரண்டும் ரீதிகௌளை என்ற ஒரே ராகத்தின் சாயலில் அமைந்தவை. மெட்டு, வேகம், வாத்தியம் எல்லாமே வேறு. ஒன்றின் வரிகளை இன்னொன்றின் மெட்டில் பாட முடியாது. ஆனாலும் மாற்றி மாற்றிச் சில தடவை கேட்டால், எங்கோ ஒரு வளைவு, ஓர் இழுப்பு இரண்டிலும் ஒன்றாக வருவது காதில் விழும். அந்த ஒற்றுமைக்குத்தான் ரீதிகௌளை என்று பெயர்.

கோயம்புத்தூர்க்காரர் போனில் இரண்டு வாக்கியம் பேசினால் ஊர் தெரிந்துவிடுகிறது. திருநெல்வேலிக்காரர் பேசினாலும் அப்படித்தான். இருவரும் பயன்படுத்துவது அதே தமிழ் எழுத்துகள், பெரும்பாலும் அதே சொற்கள். எந்த எழுத்தை இழுக்கிறார், எங்கே அழுத்துகிறார், வாக்கியத்தை எப்படிக் கொண்டுபோய் முடிக்கிறார் என்பதில்தான் ஊர் இருக்கிறது. இதை நமக்கு யாரும் இலக்கணமாகச் சொல்லித் தரவில்லை; கேட்டுக் கேட்டுப் பழகியது. ராகமும் இந்த வகைதான். ஸ்வரங்கள் எழுத்துகள், ராகம் அந்த வட்டார வழக்கு, பாட்டு அந்த வழக்கில் பேசிய ஒரு பேச்சு. ஒரே வழக்கில் எத்தனை பேச்சு வேண்டுமானாலும் பேசலாம். ஒரே ராகத்தில் எத்தனை பாட்டு வேண்டுமானாலும் அமைக்கலாம்.

சரி, இந்த 'வழக்கு' எதனால் உண்டாகிறது? மூன்று விஷயங்களால்: எந்த ஸ்வரங்கள், எதை அடிப்படையாக வைத்து, எப்படிப் பிடித்துப் பாடுகிறோம். முதலாவதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். மற்ற இரண்டும் விட்டுப்போவதால்தான் குழப்பமே.

ஸ்வரங்களும், 72 என்ற கணக்கும்

ஒரு 'ச'விலிருந்து அடுத்த மேல் 'ச' வரை உள்ள தூரத்துக்கு ஸ்தாயி என்று பெயர். அந்தத் தூரத்தில் 12 ஸ்வர இடங்கள் இருக்கின்றன. கீபோர்டில் வெள்ளையும் கறுப்புமாக எண்ணினால் அந்தப் பன்னிரண்டும் கண்ணுக்கே தெரியும். ச, ப இரண்டும் அசையாதவை. ச-வுக்கு மேலே உள்ள 4 இடங்கள் ரி, க இரண்டுக்கும். அடுத்த 2 இடங்கள் ம-வுக்கு. ப-வுக்கு மேலே உள்ள 4 இடங்கள் த, நி இரண்டுக்கும்.

நான்கு இடங்களில் இரண்டைத் தேர்ந்தெடுக்க 6 வழிகள் உண்டு. ஆக ரி-க ஜோடி 6 விதம், த-நி ஜோடி 6 விதம், ம 2 விதம். 6 × 6 × 2 = 72. பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் இருந்த வேங்கடமகி, சதுர்தண்டி பிரகாசிகை என்ற நூலில் போட்ட கணக்கு இது. இந்த 72-க்கு மேளகர்த்தா என்று பெயர். ஏழு ஸ்வரமும் உள்ள தாய் வரிசைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் சில ஸ்வரங்களை விட்டும், வளைத்தும், வெளியிலிருந்து ஒன்றைச் சேர்த்தும் பிறக்கும் ராகங்களுக்கு எண்ணிக்கையே இல்லை. மோகனம், ஆரபி, ரீதிகௌளை எதுவும் அந்த 72-க்குள் இல்லை. எனவே 72 என்பது தாய் வரிசைகளின் எண்ணிக்கை. அவை ராகங்களை வகைப்படுத்தி அடுக்க உதவும். கேட்கும்போது அதை நினைத்துக்கொண்டிருக்கத் தேவையே இல்லை.

'ச' எங்கே இருக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். போனில் ஒரு கீபோர்டு ஆப், ஒரு தம்புரா ஆப் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சொல். பாடகர் தன் குரலுக்கு ஏற்ப ஓர் ஒலியை 'ச' என்று நிர்ணயித்துக்கொள்கிறார். கச்சேரி முழுக்க அதை மாற்றுவதில்லை. அந்த அடிப்படை ஒலிதான் சுருதி. மேடையில் பின்னால் தம்புரா விடாமல் ஒலித்துக்கொண்டிருப்பது அதை நினைவூட்டத்தான். சுருதியைக் 'கட்டை' என்ற கணக்கில் சொல்வார்கள். ஒன்று, இரண்டு என்பவை கீபோர்டின் வெள்ளைக் கட்டைகள்; ஒன்றரை, இரண்டரை என்பவை நடுவே உள்ள கறுப்புக் கட்டைகள். ஆண் குரல் ஒரு கட்டை, பெண் குரல் ஐந்து கட்டை என்பதுபோலக் காதில் பட்டிருக்கும்.

இப்போது தம்புராவை நாலரைக் கட்டையில் ஒலிக்க விடுங்கள். கீபோர்டில் மூன்று கறுப்புக் கட்டைகள் கூட்டமாக இருக்கும் இடத்தில், அந்த மூன்றில் முதலாவதுதான் நாலரை. அங்கிருந்து கறுப்புக் கட்டைகளை மட்டும் வரிசையாகத் தொட்டுக்கொண்டு மேலே போங்கள். ஐந்து ஸ்வரங்கள் வரும்: ச ரி க ப த. இது மோகனம். எங்கோ கேட்டதுபோல, வெளிச்சமாக இருக்கும்.

அடுத்து, தம்புராவை மட்டும் ஐந்தரைக் கட்டைக்கு மாற்றுங்கள். அதே ஐந்து கறுப்புக் கட்டைகள்தான். ஐந்தரையில் தொடங்கி வாசியுங்கள். காதில் விழுவது மோகனம் இல்லை, மத்தியமாவதி. கச்சேரிகளை மங்களகரமாக முடிக்கப் பாடும் ராகம் அது. தம்புராவை ஒன்றரைக்கு மாற்றினால் சுத்த சாவேரி. இரண்டரைக்கு மாற்றினால் சுத்த தன்யாசி. ஆறரைக்கு மாற்றினால் ஹிந்தோளம் (அதில் 'ப' கிடையாது என்பதால் தம்புராவை 'ம' ஒலிக்கும்படி வைக்க வேண்டும்).

விரல் பட்ட கட்டைகள் ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் ஐந்து ராகங்கள் வந்துவிட்டன. 'ச'விலிருந்து ஒவ்வொரு ஒலியும் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதைத்தான் காது அளக்கிறது. அடிப்படை நகர்ந்தால் எல்லாத் தூரமும் மாறிவிடுகிறது. 'ச'வை இப்படி இடம் மாற்றி வேறு ராகத்தைப் பிறப்பிப்பதற்குக் கிரக பேதம் என்று பெயர். சில வித்வான்கள் மேடையிலேயே சில விநாடிகள் இதைச் செய்துகாட்டுவதுண்டு.

புதிதாகக் கேட்பவருக்கு இதில் ஒரு பெரிய உதவி இருக்கிறது. பாட்டு தொடங்குவதற்கு முன், தம்புரா மட்டும் ஒலிக்கும் அந்த அரை நிமிடத்தை வீணாக்காதீர்கள். அந்த 'ச'வைச் சன்னமாக முனகிப் பாருங்கள். பிறகு பாடகர் எவ்வளவு தூரம் சுற்றிவிட்டு வந்தாலும், அவர் 'ச'வில் வந்து நிற்கும் நொடி உங்களுக்குத் தெரியும். ராகப் பெயர் ஒன்றுகூடத் தெரியாதவருக்கும் இது கைகூடும்.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: ஒரே ராகத்தில் பல மெட்டுகள் இருக்கலாம், ஸ்வரங்கள் ஒன்றாகவே இருந்தாலும் சுருதி இடம் மாறினால் ராகம் மாறும். இனி, ஸ்வரம், சுருதி இரண்டும் ஒன்றாகவே இருந்தும் ராகம் வேறாகும் விந்தை.

எப்படிப் பிடித்துப் பாடுகிறோம்: கமகம்

ஒரு ராகத்தின் ஸ்வரங்கள் ஏறும் வரிசைக்கு ஆரோகணம், இறங்கும் வரிசைக்கு அவரோகணம் என்று பெயர். ஆரபிக்கு ஏறும்போது ச ரி ம ப த ச. இறங்கும்போது ச நி த ப ம க ரி ச. தேவகாந்தாரிக்கு? அச்சு அசலாக அதே வரிசை, அதே இடங்கள். காகிதத்தில் எழுதிவைத்தால் இரண்டையும் பிரிக்கவே முடியாது.

ஆனால் தியாகராஜரின் பஞ்சரத்ன கிருதிகள் என்ற ஐந்து பாட்டுகளில் மூன்றாவதான 'சாதிஞ்செனே' (ஆரபி) ஒரு பக்கம், கோபாலகிருஷ்ண பாரதியின் 'எந்நேரமும் உந்தன் சந்நிதியிலே' (தேவகாந்தாரி) இன்னொரு பக்கம் என்று கேட்டுப் பாருங்கள். ஆரபி துள்ளலாக, ஸ்வரங்கள் நேராக வந்து விழும்படி போகும். க, நி இரண்டும் தொட்டும் தொடாமலும் ஓடிவிடும். தேவகாந்தாரி அவசரப்படாது. 'ரி'யை நீட்டி, மெல்ல அசைத்து, அங்கேயே சாய்ந்துகொண்டு நிற்கும். வேண்டுதலுக்கு அந்த ராகம் அவ்வளவு பொருந்துகிறது என்றால், அந்த அசைவுதான் காரணம்.

அந்த அசைவுக்குப் பெயர் கமகம்: ஒரு ஸ்வரத்தை அசைத்தும், வழுக்கியும், பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு வந்தும் பாடுவது. புதிதாகக் கேட்பவர்கள் இதை அலங்காரம் என்றே நினைக்கிறார்கள், பாட்டின் மேல் கடைசியில் தூவியதுபோல. கர்நாடக சங்கீதத்தில் கமகத்தை எடுத்துவிட்டால் பல ராகங்கள் காணாமலே போய்விடும். தோடி இதற்கு நல்ல உதாரணம். தோடியின் ஸ்வரங்களைக் கீபோர்டில் நேராக அழுத்திப் பாருங்கள், தோடி வராது. அதன் காந்தாரம், அதாவது 'க', ஓர் இடத்தில் நிற்கும் புள்ளியாக இருப்பதில்லை. கீழே ரி-யையும் மேலே ம-வையும் தொட்டு ஊசலாடும் ஓர் அசைவாகவே இருக்கிறது. டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத் தோடி பதிவு கிடைத்தால், அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள்.

கமகம் என்ன செய்கிறது என்பதை ஒரே ஆளின் கையிலேயே பார்க்க வேண்டுமா? முத்துசுவாமி தீட்சிதர் (அவர் மறைந்தது 1835) ஐரோப்பிய பேண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருத வரிகள் எழுதியிருக்கிறார். நோட்டு ஸ்வர சாகித்தியம் என்று அவற்றைச் சொல்வார்கள். அதில் 'சியாமளே மீனாட்சி' என்பதைக் கேட்டால் உடனே சிரிப்பு வரும். 'டுவிங்கிள் டுவிங்கிள்' என்று குழந்தைகள் பாடும் அதே மெட்டு! அதன் ஸ்வரங்கள் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள்தான். அப்புறம் அதே தீட்சிதர் சங்கராபரணத்தில் செய்த 'அக்ஷயலிங்க விபோ' கேளுங்கள். கீழ்வேளூர் கோயில் சுவாமியின் மேல் பாடியது. அதே ஸ்வர இடங்கள்தான், ஆனால் ஒவ்வொரு ஸ்வரமும் பக்கத்து ஸ்வரத்திலிருந்து எழுந்து வந்து நிறைந்து நிற்கிறது. முதல் பாட்டு கட்டைக்குக் கட்டை தாவுகிறது. இரண்டாவது கட்டைகளுக்கு நடுவே உள்ள இடத்திலும் வாழ்கிறது. இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்ட பத்து நிமிடத்தில் கிடைக்கும் தெளிவை எந்த விளக்கத்தாலும் தர முடியாது. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைச் செய்து பார்ப்பதென்றால் இதைச் செய்யுங்கள்.

கமகத்தோடு இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு ராகத்துக்கும் திரும்பத் திரும்ப வரும் சில ஸ்வரக் கோவைகள் இருக்கும். அவற்றைப் பிடி என்பார்கள். தேர்ந்த ரசிகர் இரண்டு விநாடியில் ராகத்தைச் சொல்லிவிடுகிறார் என்றால், அவர் ஸ்வரங்களைக் கணக்கிடுவதில்லை. அந்தப் பிடியை அடையாளம் கண்டுகொள்கிறார், நாம் கோவைத் தமிழை அடையாளம் காண்பதுபோல.

ஆக ராகம் என்பது ஸ்வரங்கள், அவை சுருதியோடு நிற்கும் தூரம், அவற்றைக் கமகத்தோடும் பிடிகளோடும் கையாளும் விதம் ஆகிய மூன்றும் சேர்ந்தது. மூன்றில் ஒன்று மாறினாலும் ராகம் மாறிவிடும்.

முகாரி என்றால் அழுகையா?

"ஏன் முகாரி பாடுகிறாய்?" என்று புலம்புபவரைக் கேட்பது நம் வழக்கம். அதனால் அந்த ராகமே துக்கத்துக்கு என்று ஆகிவிட்டது. தியாகராஜர் முகாரியில் பாடிய 'எந்தனினே' சபரியின் பாக்கியத்தை எப்படி வர்ணிப்பேன் என்று நெகிழும் பாட்டு. அதில் துக்கமே இல்லை. ஒரு ராகத்துக்கு ஒரு உணர்ச்சிதான் என்று எழுதிவைத்துக்கொண்டு கேட்டால், பாட்டில் இருப்பதைக் கேட்காமல் நாம் எழுதிவைத்ததையே கேட்போம்.

கச்சேரியில் இது எங்கே நடக்கிறது?

இன்று மேடையில் பார்க்கும் கச்சேரி அமைப்புக்குப் பெரிய பங்களித்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967). வர்ணம் என்ற தொடக்கப் பாட்டில் ஆரம்பித்து, சுருக்கமான உருப்படிகள் (பாட்டுகள்) சில, நடுவில் விரிவான ஒன்று, கடைசியில் துக்கடாக்கள் என்ற சிறு பாட்டுகள் என்று போகும். அந்த விரிவான உருப்படியைப் பிடித்துக்கொண்டால் போதும்.

முதலில் ஆலாபனை. வரிகளும் தாளமும் இல்லாமல் ராகத்தை மட்டும் பாடுவது. இது அந்த நேரத்தில் உருவாக்கிப் பாடப்படுவது; எழுதிவைத்து வாசிப்பது கிடையாது. எதை எதிர்பார்க்க வேண்டும் என்று தெரியாதவருக்கு இங்கேதான் அலுப்புத் தட்டும். ஒரு வழி சொல்கிறேன். பாடகர் எங்கெங்கே நிற்கிறார் என்று மட்டும் பாருங்கள். மோகனம் என்றால் 'ச'வைச் சுற்றிக் கொஞ்ச நேரம், பிறகு 'க'வில் வந்து ஓர் ஓய்வு, 'ப', 'த' என்று ஏறி, மேல் 'ச'வைத் தொட்டு அங்கே நீட்டி, மெதுவாக இறங்கி வீட்டுக்கு வருவார். ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு படி. பாடகர் நிறுத்தியதும் வயலின்காரர் அதையே தன் பாணியில் விரிப்பார். அதே ராகத்தை இரண்டாவது தடவை கேட்கும் வாய்ப்பு அது.

அடுத்து கிருதி. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று மூன்று பகுதிகள் உள்ள பாட்டு. இங்கிருந்து தாளம் வரும். ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, மூன்று விரல், ஒரு தட்டு, ஒரு திருப்பு, மறுபடி ஒரு தட்டு, ஒரு திருப்பு. இந்த எட்டும் சேர்ந்த ஒரு சுற்று ஓர் ஆவர்த்தனம். மடியில் கை வைத்துப் போட்டுப் பாருங்கள். தவறினால் பரவாயில்லை, முன்வரிசையில் போடுகிறவரைப் பார்த்துச் சேர்ந்துகொள்ளலாம்.

பிறகு கிருதியின் ஒரு வரியை எடுத்துக்கொண்டு, சொற்களையும் ராகத்தையும் மாற்றாமல், மெட்டை மட்டும் விதவிதமாக மாற்றிப் பாடுவார்கள், இது நிரவல். அப்புறம் ச ரி க ம என்று ஸ்வரங்களையே அப்போதைக்கப்போது கோத்துப் பாடுவார்கள். இது கல்பனா ஸ்வரம். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. எவ்வளவு தூரம் போனாலும் பாட்டின் வரி தாளத்தில் எந்த இடத்தில் தொடங்கியதோ அங்கேயே வந்து இறங்க வேண்டும். அந்த இடத்துக்கு எடுப்பு என்று பெயர். கணக்கு கச்சிதமாக வந்து விழும்போது சபையில் ஒரு "ஆஹா" எழும். அடுத்து மிருதங்கம், கடம், கஞ்சிரா ஆகியவை மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம். காபி குடிக்க எழுந்து போகாதீர்கள். தாளம் போட்டுக்கொண்டே கேட்டால், கச்சேரியிலேயே எளிதில் பிடிபடும் பகுதி அது.

எங்கிருந்து தொடங்குவது?

ஒரே ஒரு ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். என் தேர்வு மோகனம். முதலில் 'நின்னுகோரி' வர்ணம். பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்கார் செய்தது. இளையராஜாவின் சினிமாப் பாட்டு வழியாக அதன் ஆரம்பம் ஏற்கெனவே உங்கள் காதில் இருக்கும். அடுத்து பாபநாசம் சிவனின் 'காபாலி', தமிழில் இருப்பதால் வரிகளும் கூடவே வரும். மூன்றாவதாக, தியாகராஜரின் 'நன்னு பாலிம்ப'வை ஆலாபனையோடு உள்ள நீண்ட பதிவில் கேளுங்கள். ஒரே பாட்டை இரண்டு மூன்று பாடகர்கள் பாடிக் கேட்பது புதுப்புதுப் பாட்டுகளைத் தேடுவதைவிட நல்லது. எது பாட்டில் உள்ளது, எது பாடகர் சேர்த்தது என்பது அப்போதுதான் பிரிந்து தெரியும்.

தெலுங்கும் சமஸ்கிருதமும் புரியவில்லையே என்ற தயக்கம் நியாயமானது. முத்துத் தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை, அருணாசலக் கவிராயர், கோபாலகிருஷ்ண பாரதி, பாபநாசம் சிவன் என்று தமிழிலேயே பெரிய சொத்து இருக்கிறது. அதிலிருந்து தொடங்குவதில் எந்தக் குறையும் இல்லை. தெலுங்குக் கிருதிகளுக்குப் பொருள் ஒரு தடவை படித்துக்கொண்டால் போதும்.

மோகனம் பழகியபின் ஹிந்தோளம், கல்யாணி, பிறகு சங்கராபரணம். தோடியையும் பைரவியையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள், கமகம் காதுக்குப் பழகிய பிறகு அவை தரும் நிறைவு அதிகம். டிசம்பரில் சென்னையில் இருந்தால் சபாக்களின் பகல் கச்சேரிகளுக்குப் போகலாம். பலவற்றுக்கு டிக்கெட் கிடையாது, இளம் பாடகர்கள் பாடுவார்கள், பாதியில் எழுந்து போனாலும் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். தை மாதத்தை ஒட்டித் திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை நடக்கும். காவிரிக் கரையில் வித்வான்கள் எல்லோரும் கூடி உட்கார்ந்து பஞ்சரத்ன கிருதிகளைச் சேர்ந்து பாடுவார்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகங்கள், இந்த வரிசையில். வானொலியிலோ டிவியிலோ நேரலை வரும்போது, மூன்றாவதான ஆரபி வரை பொறுத்திருந்து கேளுங்கள்.